பேரம் பேசாத ஹெல்மெட்

அத்தியாயம் 7

"கடைக்குள்ள கால வெச்சே, கால ஒடச்சிடுவேன்."

அப்துல் ரசாக்கின் வரவேற்பு அவ்வளவுதான். ஜும்மா தொழுகை முடித்து வந்தவர் தலையிலிருந்த தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. பழைய பல்லாவரத்துச் சந்து ஒன்றில் இருந்த தன் செகண்ட் ஹேண்ட் சாமான் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிப் பிடித்தபடி, எதிரே நின்ற இருவரையும் பார்வையாலேயே பொசுக்கிக்கொண்டிருந்தார்.

அஃப்தாப் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். "எந்தக் கால் மாமா? சொன்னீங்கன்னா அத மட்டும் பின்னால வெச்சுக்குவேன்."

"வாய மூட்றா. பெருநாளுக்குப் பெருநாள் என் வூட்டு பிரியாணிய துன்னுட்டு, இன்னிக்கு போலீசுக்கு மோப்பம் புடிக்க வந்துகினு கீற. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டாமலிருக்கத்தான் அஃப்தாப் ஜோக் அடித்தான். அந்தப் பிரியாணியை அவன் சாப்பிட்டது ரசாக்கின் மகன் அசாரோடு ஒரே தட்டில். அந்த அசார் நேற்று மாலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

விஷயம் இதுதான். மாடம்பாக்கத்தில் யக்ஞநாராயணன் என்றொரு பெரியவர் சமீபத்தில் காலமானார். பேங்க் லாக்கரை நம்பாத மனிதர். மனைவியின் நகைகளை வீட்டுத் தரைக்குள் எங்கோ புதைத்துவைத்து, இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. நேற்று அந்த வீட்டுப் பழைய பீரோவையும் கட்டில்களையும் எடுத்துவர அசார் டாடா ஏஸ் வண்டியோடு போனான். அவன் திரும்பிய கையோடு பெரியவரின் மகன் பிரசன்னா போலீசுக்கு ஓடினான். வீட்டுத் தரை கண்ட இடத்தில் தோண்டிக் கிடக்கிறது, நகைகளைக் காணோம், பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வைத்து அசார் தரையைத் தடவியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகப் புகார்.

நகை கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. "மெஷின் மட்டும் சிக்கட்டும், சாயங்காலமே ரிமாண்டு" என்று காலையில் எஸ்.ஐ. அப்பாதுரை மீசையைத் தடவிக்கொண்டே சொல்லியிருந்தார். அம்மாவின் நகைகளை மீட்டுத் தரச் சொல்லித் துப்பறிவாளர் ஜெயக்கொடியிடம் வந்தவள் பிரசன்னாவின் தங்கை மஹாலட்சுமி. "நகையை அப்புறம் பார்ப்போம், முதல்ல மெஷினைத் தேடுவோம்" என்று ஜெயக்கொடி கிளம்பிவிட்டார். கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே கூட வந்த உதவியாளன் உலகத்தில் அஃப்தாப் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஜெயக்கொடி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் பல வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் பெண்மணி அவர். திட்டு வாங்குவது அவருக்குக் காலைக் காபி மாதிரி.

"பாய், நான் பார்க்கலைன்னா போலீஸ் பார்க்கும். அவங்க கடப்பாரையோட வருவாங்க. நான் கண்ணை மட்டும்தான் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி, பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போயேவிட்டார்.

ரசாக் கையிலிருந்த ஷட்டரை அப்படியே விட்டிருந்தால், பின்னாலேயே குனிந்து நுழைந்த அஃப்தாப்பின் முதுகு போயிருக்கும். நல்ல வேளை, விடவில்லை.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மூடி இல்லாத மிக்ஸிகள், உளுந்து மாவு காய்ந்து ஒட்டிய கிரைண்டர், ஆஸ்பத்திரிக் கட்டில், யாரோ விமானத்தில் கொண்டுவந்து ஒரு சக்கரத்தைத் தொலைத்த பெட்டி, வரிசையாக நின்ற பெடஸ்டல் ஃபேன்கள். இதற்கெல்லாம் மேலே சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அறிவிப்பு: 'இங்கு விற்கப்படும் சாமான்கள் அனைத்தும் ஒர்க்கிங் கண்டிஷன்.'

"அக்கா, இந்த போர்டு மட்டும்தான் இங்க ஒர்க்கிங் கண்டிஷன்" என்று அஃப்தாப் முணுமுணுத்தான்.

"தேடு. பேசாத" என்றார் ஜெயக்கொடி. ஆனால் அவர் தேடவில்லை. வாசலோரம் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அஃப்தாப் ஒரு ரேடியோவை நகர்த்தினான்.

"தொடாத!" என்றார் ரசாக்.

தையல் மெஷினின் மூடியைத் திறந்தான்.

"அதையும் தொடாத! ஊசி போச்சுனா உங்கொப்பனா குடுப்பான்?"

பெட்டியைத் தூக்கினான். திட்டு. கிரைண்டரைச் சுற்றி வந்தான். அதற்கும் திட்டு. வெறும் தரையைப் பார்த்து நின்றான். அதற்கும் ஒரு திட்டு கிடைத்தது. அஃப்தாப்புக்கு அசாரின் ஞாபகம் வந்தது. இதே கடையில் இரண்டு பேரும் இதே குரலுக்குப் பயந்து இந்தச் சாமான்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். இப்போது ஒளிய இடமில்லை.

பெடஸ்டல் ஃபேன்களின் பக்கம் திரும்பினான். ஒன்றின் தலையைப் பிடித்துத் திருப்பினான்.

திட்டு வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். ரசாக் ஷட்டருக்கு அந்தப் பக்கம் தெரிந்த துண்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் வானத்தைப் பார்க்கக் காரணம் இல்லாமல் இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் வீட்டுக் கூரையை உரசுவது போலத்தான் போகும். ஆனால் இப்போது எந்த விமானமும் போகவில்லை.

"டிக்கெட் இல்லாதவன் என் கண்ணைப் பார்த்துப் பயப்பட மாட்டான் அஃப்தாப்" என்றார் ஜெயக்கொடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஜன்னல் வழியா வெளியே வேடிக்கை பார்ப்பான். அங்க பார்க்க ஒண்ணுமே இருக்காது. நீ அந்த ஃபேன் வரிசையை நல்லாப் பாரு."

வரிசையில் கடைசியாக நின்ற ஃபேனுக்கு மட்டும் பூப்போட்ட நைட்டித் துணியில் உறை மாட்டியிருந்தது. ஒயர் இல்லை. அஃப்தாப் உறையை உருவினான். கம்பிக் கூண்டு இருந்தது. கூண்டுக்குள் இறக்கைகள் இல்லை. அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்த, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு வட்டத் தட்டு. தட்டிலிருந்து இறங்கிய நீளக் கம்பைத்தான் ஃபேனின் அடிப்பாகத்தில் சொருகியிருந்தார்கள். கம்போடு சேர்த்துக் கட்டிய பெட்டியிலிருந்து கறுப்பு ஹெட்போன் ஒன்று தொங்கியது. எந்தக் காலத்து ராணுவத்திலோ கண்ணி வெடி தேடப் போன மெட்டல் டிடெக்டர்.

உறையை எடுத்த வேகத்தில் திரும்ப மாட்டினான்.

"ஒண்ணுமில்லக்கா. ஃபேன்தான். பழைய மாடல்."

"காதுல ஹெட்போன் மாட்டிக்கிற ஃபேனா?"

ரசாக் பாய்ந்து வந்து அஃப்தாப்பின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "சந்தோஷமாடா? எடுத்துட்டல்ல? போ, போய் குடு. அவன உள்ள தள்ளிட்டு வந்து என் வூட்ல குந்திகினு பிரியாணி துன்னு!"

"மாமா, நான்..."

"மாமானு கூப்டாத."

"பாய், காலரை விடுங்க. அது ஆபீஸ் சட்டை" என்று ஜெயக்கொடி எழுந்து வந்தார். "இது எப்படி இங்க வந்துச்சு? அதைச் சொல்லுங்க."

ரசாக் காலரை விட்டார். பிறகு, யாரிடமோ சண்டை போடுவது போலவே சொன்னார்.

மெஷின் அவருடையதுதான். என்றோ மிலிட்டரி கழிவு ஏலத்தில் எடுத்தது. வருடக்கணக்காகக் கடையில் தொங்கியது. போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கடை விரித்தபோது மற்ற சாமானோடு கொண்டுபோய் வைத்தார், விற்றுப் போனது. நேற்று அசாரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போன பிறகு, மாடம்பாக்கத்திலிருந்து வந்த பீரோவைத் திறந்து பார்த்தார். போன வாரம் விற்ற அதே மெஷின் உள்ளே படுத்திருந்தது.

அஃப்தாப் வாயைப் பிளந்தான். "அப்ப வாங்கினவன்தான் பீரோவுல போட்டிருக்கான்! இத ஏன் மாமா எஸ்.ஐ. கிட்ட சொல்லல?"

"சொன்னா? இன்னா ஆவும்? மெஷினு என்னுது, சந்தையே பாத்துருக்கு. அந்த வூட்டுக்குப் போனது என் புள்ள. இப்ப மெஷினு கீறதும் என் கடையில. நானே எடுத்துக் குடுத்து, எவனோ ஒரு ஹெல்மெட்காரன் வாங்கினு போனான்னு சொன்னா, அந்த மீசை நம்புவானா? சிரிப்பான்."

"ஹெல்மெட்டா?" என்றார் ஜெயக்கொடி.

"கயட்டவே இல்ல. அந்த வெயில்லயும் கயட்டல. வந்தான், இது இன்னா வெலைன்னான். நானும் சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன். எண்ணிக் குடுத்துட்டுப் போய்ட்டான்."

"பேரம் பேசல?"

"பேசல."

"பல்லாவரம் சந்தையில?" என்று அஃப்தாப் கத்தியேவிட்டான். அங்கே பிறந்து வளர்ந்தவன் அவன். அந்தச் சந்தையில் சொன்ன விலைக்கு ஒருவன் சாமான் வாங்கிப் போனான் என்றால், அவன் வெளியூர்க்காரனாகக்கூட இருக்க முடியாது. வெளியூர்க்காரன்தான் இன்னும் அதிகமாகப் பேசுவான்.

"சரி, போட்டுக் காட்டச் சொன்னானா?" என்றார் ஜெயக்கொடி.

ஜெயக்கொடி கம்பை ஃபேன் அடியிலிருந்து உருவி, தட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ரொம்ப லேசா இருக்கே பாய்" என்று சிரித்தார். இவ்வளவு நேரம் எரிந்துகொண்டிருந்த ரசாக்கின் முகம், முதல் தடவையாக எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறியது.

வெளியே ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு பைக்.

"எஸ்.ஐ. வந்துட்டாரு" என்று அஃப்தாப் பதறினான். "அக்கா, இவருக்கு எப்படித் தெரியும்?"

"கிளம்பும்போதே நான்தான் வரச் சொன்னேன். பிரசன்னாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு."

அஃப்தாப்புக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த அம்மாவிடம் வேலை செய்ய வந்த நாளிலிருந்து அவரைக் கிண்டல் செய்திருக்கிறான், சம்பளம் போதவில்லை என்று அழுதிருக்கிறான். வெறுத்ததில்லை. அந்த நிமிடம் வெறுத்தான். "நீங்கல்லாம் நல்லா இருப்பீங்கக்கா" என்று மட்டும் சொன்னான். ஜெயக்கொடி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எஸ்.ஐ. அப்பாதுரையால் உடனே உள்ளே வர முடியவில்லை. சந்து முனை லெமன் ஜூஸ் வண்டியில் பிரசன்னாவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பாதி டம்ளர் ஐஸ்! யாரை ஏமாத்தப் பார்க்கறே? நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். என்னை எவனும் ஏமாத்த முடியாது, தெரியுமா? ஐஸை எடுத்துட்டு முழுசா ஊத்து!"

"சாரி மேடம்" என்று மஹாலட்சுமி கூச்சத்தோடு முன்னால் வந்தாள். "அண்ணா எதை வேணும்னாலும் பொறுத்துப்பான். ஏமாத்தினா மட்டும் தாங்க மாட்டான்."

ஒருவழியாக முழு டம்ளர் ஜூஸைக் குடித்துவிட்டுப் பிரசன்னா வந்தான். முழங்கையில் கறுப்பு ஹெல்மெட் தொங்கியது. ரசாக் அதை வெறித்தார். பல்லாவரத்தில் கறுப்பு ஹெல்மெட்டுக்கா பஞ்சம்? வெறித்து என்ன பிரயோஜனம் என்று அஃப்தாப்புக்குத் தோன்றியது. அதற்குள் சந்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் சேர்ந்துவிட்டது.

மெஷினைப் பார்த்த அப்பாதுரையின் மீசை துள்ளியது. "பிரமாதம் மேடம்! நேத்து என் ஆளுங்க ரெண்டு தடவ கடையப் பொரட்டினானுங்க. எங்க வெச்சிருந்தான்? யோவ் பாய், அப்பனும் புள்ளையும் கூட்டா? உன்னையும் சேத்து ஏத்தணும்."

"ஏத்து. இன்னா இப்ப? ஏத்து!" என்றார் ரசாக்.

"ஒரு நிமிஷம் சார்" என்று ஜெயக்கொடி குறுக்கே வந்தார். "பிரசன்னா, நேத்து நீங்க பார்த்த மெஷின் இதுதானே?"

"இதேதான். ஹால்ல நின்னு தரையைத் தடவிண்டிருந்தான்."

"ஹெட்போன் மாட்டியிருந்தானா?"

"மாட்டிண்டிருந்தான். அதையும் மீறி வெளியே கேட்டுது. குய்ங் குய்ங்னு அப்படி ஒரு சத்தம். நான் நிலைப்படியில நின்னுண்டிருந்தேன், அங்க வரைக்கும் கேட்டுது."

"சார், அந்தச் சத்தத்தை ஞாபகம் வெச்சுக்குங்க" என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு, ஜெயக்கொடி மஹாலட்சுமியின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டு நிலைப்படிக்கு அடியில என்னம்மா இருக்கு?"

அவள் விழித்தாள். "நிலை வைக்கறச்சே எல்லாரும் போடறதுதான். நவரத்தினம், துளி பொன்னு, செம்பு. அம்மா கையில இருந்த மோதிரத்தையே கழட்டிப் போட்டாளாம். வெள்ளிக்காசு போட்டது அண்ணா. அப்போ அவன் குட்டிப் பையன்."

"இப்படி ஒரு வழக்கம் இருக்கறது எனக்கே தெரியாது" என்றான் அஃப்தாப்.

"அசாருக்கும் தெரியாது" என்றார் ஜெயக்கொடி. "மெஷினைத் தூக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள நுழையறவனுக்கு முதல்ல கத்தற இடம் நிலைப்படி. விஷயம் தெரியாதவன் கடப்பாரையை முதல்ல அங்கதான் போடுவான். காலையில போய்ப் பார்த்தேன். சமையல்கட்டுல குழி, ஹால்ல குழி, பூஜை ரூம்ல குழி. நிலைப்படியில ஒரு கீறல் இல்ல. பழைய மாக்கோலம்கூட அப்படியே இருக்கு."

"அவனுக்கு டைம் இருந்திருக்காது" என்றான் பிரசன்னா சட்டென்று.

"இருக்கலாம். சார், மெஷினைப் போட்டுப் பார்ப்போமா?"

அப்பாதுரையே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அஃப்தாப் சுவிட்சைத் தட்டி, தட்டைக் கிரைண்டர் மேல் வைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் வைத்தான். எஸ்.ஐ.யின் பெல்ட் பக்கிளுக்கு நேராகவும் ஒரு தடவை காட்டினான். மெஷின் மூச்சு விடவில்லை.

"எவிடன்ஸை அழிக்க ராத்திரி எதையாவது பிடுங்கிப் போட்டிருப்பா" என்றான் பிரசன்னா. பதில் தயாராகத்தான் இருந்தது.

"அப்ப தட்டைத் திறந்துடுவோம்."

"வாணாம்!" என்று ரசாக் தட்டைக் கட்டிக்கொண்டார். "தொறக்கக் கூடாது. அது... அது பழசு, ஒடஞ்சிரும்."

மகனை உள்ளே தள்ளப்போகிற மெஷின் உடைந்தால் இவருக்கென்ன என்று அஃப்தாப் ஒரு கணம் குழம்பினான். மறுகணம் விளங்கிவிட்டது. சின்ன வயதில் அவனும் அசாரும் லீவு நாளெல்லாம் இந்தக் கடையில் செய்த வேலையே அதுதானே? எந்தச் சாமான் உள்ளே வந்தாலும் முதலில் செம்புக் கம்பியை உருவ வேண்டும். மோட்டாரோ, டிவியோ, மின்சாரப் பம்போ, செம்பு தனியாகப் போகும், கூடு தனியாகப் போகும். ரசாக் கடையின் முதல் சட்டம் அது. அடுத்த சட்டம், வெளியே சொல்லக் கூடாது.

"குடுங்க மாமா" என்று அவர் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கினான். திருகாணிகளின் மேல் பூசியிருந்த பெயின்ட் கட்டிதட்டிப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே ஸ்க்ரூ டிரைவர் திணறியது. நேற்று ராத்திரி எவனும் இதைத் திறக்கவில்லை என்று எஸ்.ஐ.க்கே தெரிந்தது.

மூடி வந்தது. செம்புக் கம்பிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில், சுற்றுச் சுற்றாக, வெகு நேர்த்தியாக, தேங்காய் நார்க் கயிறு சுற்றியிருந்தது. அதன் மேல் ஒரு குளவி எப்போதோ மண் கூடு கட்டிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

சந்தில் ஒருவன் சிரித்தான். அது மெல்லப் பரவியது.

"இதுல தண்ணி வேணா இறைக்கலாம் சார்" என்றான் அஃப்தாப். "குய்ங்னு கத்தாது."

அப்பாதுரை ஹெட்போனைக் கழற்றினார். "நீங்க என்னமோ சத்தம் கேட்டுச்சுன்னீங்களே சார்?"

பிரசன்னா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் ஆள் கெட்டிக்காரன். "கேட்டது நிஜம். அவன் போன் ரிங்டோனா இருந்திருக்கலாம். பதட்டத்துல மாத்திப் புரிஞ்சுண்டிருப்பேன். அதுக்காக அவன் திருடலேன்னு ஆயிடுமா?"

எஸ்.ஐ. தாடையைச் சொறிந்தார். ஆகாதுதான். இவ்வளவு தூரம் வந்தும் அசார் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லையா? அஃப்தாப் ஜெயக்கொடியைப் பார்த்தான். அவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அது இருக்கட்டும் சார்" என்றார் சாவகாசமாக. "பாய் போன வாரம் இந்தக் கயித்தை மெட்டல் டிடெக்டர்னு சொல்லி எவன் தலையிலயோ கட்டியிருக்காரு. அதுக்குத் தனியா கேஸ் உண்டுதானே?"

"இல்லாம?" அப்பாதுரைக்குக் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தார். "யோவ், நார்க் கயித்த சுத்தி மெஷினுன்னு வித்தியா நீ? இது பச்சை மோசடி."

ரசாக் திகைத்துப் போனார். மகன் ஏற்கெனவே உள்ளே. இப்போது தானுமா? வியாபாரி புத்தி உடனே முன்னால் வந்து நின்றது. "அய்யோ சார், மோசடி இன்னா மோசடி! இது ஓடாது, சும்மா ஷோவுக்கு மாட்டி வெக்கலாம்னு தெளிவா சொல்லித்தான் சார் குடுத்தேன்! கேட்டா தானே? சரியான ஏமாளி சார் அவன். ஓடாத சாமானுக்கு சொன்ன காச அப்டியே எண்ணிக் குடுத்துட்டுப் போறான். சந்தையே சிரிச்சிது! வாய்க்கையில அப்டி ஒரு மாங்கா மடையன நான் பாத்ததில்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதே நேரம் தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. பல்லாவரத்துக்காரர்கள் விமானம் போகிறவரை பேச்சை நிறுத்திவைப்பார்கள். ரசாக் நிறுத்தினார், எஸ்.ஐ. நிறுத்தினார், கூட்டமும் சிரிப்பை நிறுத்தியது. பிரசன்னா மட்டும் நிறுத்தவில்லை. முகம் சிவந்து, கை நீட்டி, ரசாக்கைப் பார்த்து என்னவோ கத்திக்கொண்டிருந்தான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. விமானம் கடந்து போனது. நிசப்தமான சந்தில் அவன் குரல் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

"...பொய் சொல்றான்! ஒர்க்கிங் கண்டிஷன்னு சத்தியம் பண்ணித்தானே என்கிட்ட வித்தான்!"

பிரசன்னாவின் வாய் திறந்தபடியே நின்றது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"யார்கிட்ட வித்தான் சார்?" என்றார் அப்பாதுரை, மிகவும் மரியாதையாக.

மஹாலட்சுமிதான் முதலில் பேசினாள். "அம்மா நகை எங்கேண்ணா?"

"லக்ஷ்மி, உனக்கும் பங்கு தர்றதாத்தான்..."

"எங்கே?"

"என் வீட்டுப் பரண்ல" என்றான் தரையைப் பார்த்து. "அப்பா போறதுக்கு முன்னாடி என்கிட்ட மட்டும் இடத்தைச் சொன்னார்."

"ஊரெல்லாம் நம்பணும்னு வீடு பூரா குழி தோண்டினே. நிலைப்படியை மட்டும் ஏன் விட்டே?"

"அதை எப்படி உடைக்கறது? அதுல அம்மா மோதிரம் இருக்கே. குடும்பத்துக்கு ஆகாது."

அஃப்தாப்புக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. நிலைப்படி உடைந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். சாமான் தூக்க வந்தவனின் வாழ்க்கை உடைந்தால் பரவாயில்லையாம். இதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்த இன்ஜினீயர், பத்துப் பேர் முன்னால் ஏமாளி என்ற ஒரு சொல்லைத் தாங்க முடியாமல் மாட்டிக்கொண்டான்.

பிரசன்னாவை ஜீப்பில் ஏற்றிவிட்டு அப்பாதுரை திரும்பி வந்தார். "பாய், உன்கிட்ட ஒரு ஸ்டேட்மென்ட் வேணும். இவரு இப்ப சொன்னத நாளைக்குக் கோர்ட்ல இல்லன்னுவாரு. ஒர்க்கிங் கண்டிஷன்னு சொல்லி வித்தது நீதான்னு நீ சொன்னாத்தான் அது நிக்கும். சொன்னா உன் மேலயும் கேஸ் வரும். ஷோவுக்குனுதான் சொன்னேன்னு நீ சாதிச்சா, நீ தப்பிச்சுக்கலாம். ஆனா உன் பையன் கேஸு இழுத்துக்கிட்டே போகும். எது?"

சந்தே காது கொடுத்துக் காத்திருந்தது. அதில் பாதிப் பேர் ரசாக்கிடம் மிக்ஸி வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்க இருந்தவர்கள். ரசாக் சுவரில் இருந்த சிவப்புப் பெயின்ட் அறிவிப்பை ஒரு தடவை பார்த்தார். இந்தச் சந்தில் அவர் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏமாத்துனேன்" என்றார், சந்து முனைவரை கேட்கும்படி. "செம்ப நான்தான் உருவுனேன். கயித்த நான்தான் சுத்துனேன். ஒர்க்கிங் கண்டிஷன்னு சத்தியம் பண்ணி வித்தேன். எய்திக்கோ. எங்க கையெய்த்து போடணுமோ போடறேன். என் புள்ளைய அனுப்பு."

அப்பாதுரை போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒருவர் தன் மிக்ஸியைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜெயக்கொடி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"வெளிய போங்க எல்லாரும். கடைய மூடணும்" என்று ரசாக் இரைந்தார். ஜெயக்கொடிக்கு நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஷட்டரை இழுக்கப் போனவருக்குப் பிடி கிடைக்கவில்லை. அஃப்தாப் உதவிக்கு வந்தான்.

"தொடாத" என்றார் பழக்க தோஷத்தில். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"கால ஒடைப்பேன்னேன்ல? அந்தக் காலாலயே ஸ்டேஷனுக்குப் போயி அவன கூட்டினு வா. நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னுருக்க மாட்டான்."

எந்தக் கால் மாமா என்று கேட்கத்தான் அஃப்தாப் வாயைத் திறந்தான். கேட்காமலே சாவியை வாங்கிக்கொண்டு ஓடினான்.